சீரியலுக்காகச் சண்டை போடுவது எப்படி

மழை வலுத்தால் எங்கள் ஊரில் ரப்பர் வெட்டு கிடையாது. பால் வெட்டுகிற அண்ணாச்சி அன்றைக்கு விடிந்ததும் ஜங்ஷனுக்கு வந்துவிடுவார். ஒரு சாயா, ஒரு பழம்பொரி, அப்புறம் என் கடைத் திண்ணை. உட்கார்ந்து ஈரத் துண்டைப் பிழிந்துவிட்டுக் கேட்பார்: "எடே, விடாது கருப்புல அந்தக் குதிரை வர்ற சீன் ஞாபகம் இருக்கா?" அவ்வளவுதான். அன்றைய பகல் போச்சு.

நான் 1994-இல் தக்கலைக்கும் குலசேகரத்துக்கும் நடுவே ஒரு சின்ன ஊரில் கேபிள் டிவி போட்டவன். இப்போது அதே இடத்தில் ரீசார்ஜும் ஹெட்செட்டும் விற்கிறேன். அந்தக் காலத்தில் மொட்டை மாடியில் டிஷ், பலாமரம் தென்னைமரமெல்லாம் தாண்டிப் போகும் கேபிள், கம்பத்துக்குக் கம்பம் ஆம்ப்ளிஃபையர். ஐப்பசி இடி ஒன்று விழுந்தால் அதில் இரண்டு போய்விடும். சீரியல் நேரத்தில் போனால் டார்ச் அடித்துக்கொண்டு ஆள் வரும். கரண்டு போய் எபிசோடைத் தவறவிட்டவர்களும் மறுநாள் காலையில் என்னிடம்தான் வருவார்கள். கேபிள்காரனுக்குக் கதை தெரியாமல் இருக்குமா என்று ஒரு நம்பிக்கை.

ஆக, சீரியல் சண்டைகளை முப்பது வருஷமாகப் பார்த்தும் போட்டும் வருகிறேன். அதில் பாதிக்கு மேல் வீண். ஒருவர் "அது மாதிரி இனி வராது" என்பார், மற்றவர் "போரு" என்பார், மூன்றாமவர் சாயாவுக்குக் காசு கொடுக்காமல் எழுந்து போவார். ஒழுங்காகப் போட்டால் வேறு மாதிரி இருக்கும். அதைச் சொல்லத்தான் இது.

எதைப் பற்றிச் சண்டை போடுவது

எல்லாரும் பார்த்த சீரியல் எல்லாம் சண்டைக்கு உதவாது. 'கோலங்கள்' 2003 முதல் 2009 வரை 1533 எபிசோடு ஓடியது. எங்கள் லைனில் அதைப் பார்க்காத வீடே இல்லை. ஆனால் அதைப் பற்றிப் பேச்செடுத்தால் "நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறார்கள். (இதை என் மைனியிடம், அதாவது அண்ணியிடம், சொல்லிவிடாதீர்கள்.) 'மர்ம தேசம்' அப்படி இல்லை. விடாது கருப்பு அதில் வந்த ஒரு கதைதான். அதை விடாமல் பார்த்தவர்கள் கோலங்கள் பார்த்தவர்களைவிடக் குறைவுதான். பார்த்தவர்களோ அதைத் தன் வீட்டுச் சொத்து மாதிரி வைத்திருக்கிறார்கள். ஒரு குறை சொன்னால் தன் அம்மா வைத்த மீன் குழம்பைக் குறை சொன்ன மாதிரி முகம் மாறுகிறது. அதுதான் சரக்கு. எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதை விட்டுவிடுங்கள். எத்தனை பேர் விட்டுக்கொடுக்க மறுக்கிறார்கள் என்று பாருங்கள்.

எங்கள் திண்ணையில் நிற்பவை இவை: மர்ம தேசத்தில் 'ரகசியம்', 'விடாது கருப்பு'. மைனியின் வற்புறுத்தலில் 'மெட்டி ஒலி'. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், கேரளாவிலிருந்து வந்த 'கடமற்றத்து கத்தனார்'. அப்புறம் என் தங்கச்சி மகன் ஹார்டு டிஸ்கில் கொண்டுவந்த ஆங்கிலச் சரக்கு.

மறுபடி பாருங்கள், போன் பக்கத்தில் இருக்கட்டும்

நினைவை வைத்துச் சண்டை போடாதீர்கள். பத்தொன்பது வயதில், மழை ராத்திரியில், பக்கத்து வீட்டுத் திண்ணையில் முப்பது பேரோடு நெருக்கியடித்துப் பார்த்ததை நினைத்துக்கொண்டு பேசினால், நீங்கள் பேசுவது அந்த ராத்திரியைப் பற்றி. சீரியலை மறுபடி பாருங்கள். மர்ம தேசம் யூட்யூபில் கிடைக்கிறது.

எல்லாரும் ஒரே எபிசோடை ஒத்துக்கொள்ள வேண்டும். முழுத் தொடரையும் எடுத்தால் ஆளுக்கொரு மூலையில் நின்று கல்லெறிவார்கள். ஒரு எபிசோடு, ஒரு வாரம் அவகாசம். வேகத்தைக் கூட்டி ஓடவிடக் கூடாது. முன்கதைச் சுருக்கத்தைத் தள்ளிவிடவும் கூடாது.

பார்க்கும்போது ஒரு துண்டுக் காகிதத்தில் இரண்டு நேரத்தை மட்டும் குறியுங்கள். எந்த நிமிஷத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள்? எந்த நிமிஷத்தில் கை தன்னால் போனுக்குப் போனது? இதை நான் கண்டுபிடித்ததற்கு மருமகன் என்னைக் கேலி செய்தான். ஆனால் வேலை செய்கிறது. நான்கு பேரின் காகிதத்தையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். நான்கு கையும் ஏறக்குறைய ஒரே நிமிஷத்தில் போனுக்குப் போயிருந்தால், அந்த இடத்தில் சீரியல் தொய்ந்திருக்கிறது. ஒரு கை மட்டும் போயிருந்தால் தொய்ந்தது அந்த ஆள். இதற்கு மேல் அந்த இடத்தில் வாதம் தேவையில்லை.

முதல்முறை இப்படி விடாது கருப்பில் ஒரு எபிசோடு பார்த்தபோது அண்ணாச்சியின் காகிதத்தில் போன் பக்கம் ஒன்றுமே இல்லை. அவரிடம் பட்டன் போன்தான் இருக்கிறது என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது. அவருக்கு மட்டும் "எப்ப கொட்டாவி வந்துச்சு" என்று மாற்றிக்கொண்டோம்.

குறையைச் சொல்லும் முன் அது எப்படிச் சமைக்கப்பட்டது என்று கேளுங்கள்

இதுதான் முக்கியமான இடம், கொஞ்சம் நின்று பேசலாம்.

விடாது கருப்பைப் பற்றி எங்கள் டியூஷன் டீச்சர் சொல்லும் குறை நியாயமானது. "சொன்னதையே சொல்றாங்க சார். போன எபிசோடுல தெரிஞ்சத இந்த எபிசோடுல ரெண்டு பேரு உக்காந்து மறுபடி பேசுறாங்க." அவர் ஒரே வாரத்தில் தொடர்ந்து பார்த்தவர். அண்ணாச்சிக்கு அது குறையாகவே படவில்லை. காரணம், அது வாரத்துக்கு ஒரு முறை வந்த தொடர். இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி, நாகா இயக்கி, பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரித்தது. கதை இரண்டு காலத்தில் நடக்கிறது. ஒரு கிராமத்துச் சிறுவன் ஒரு பக்கம், பல வருஷம் கழிந்த நகரத்து வாழ்க்கை இன்னொரு பக்கம். இரண்டையும் முடி பின்னுவது மாதிரி பின்னிக்கொண்டே போவார்கள். ஏழு நாள் இடைவெளியில், நடுவில் கரண்டும் போகிற ஊரில், இந்தப் பின்னலைப் பிடித்துவைக்கக் கையில் ஏதாவது வேண்டாமா? அந்தத் திருப்பிச் சொல்லல்தான் அந்தக் கைப்பிடி. அது இல்லாவிட்டால் இரண்டு காலத்துக் கதையைத் தொலைக்காட்சியில் அன்றைக்குச் சொல்லியே இருக்க முடியாது.

டீச்சர் சொன்ன குறையும் அண்ணாச்சி ரசித்த பின்னலும் ஒரே வேரிலிருந்து வருகின்றன என்று புரிந்ததும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அப்ப ரெண்டும் சரியா?" என்றார் டீச்சர். இல்லை, ரெண்டும் முழுசாகச் சரியில்லை. நான்காவது முறை சொன்னது கைப்பிடி இல்லை, நேரம் கடத்தல். எது கைப்பிடி, எது கடத்தல் என்று பிரிப்பதில் அன்றைக்கு ஒன்றரை மணி நேரம் போனது. நாங்கள் போட்டதிலேயே நல்ல சண்டை அதுதான் என்பேன்.

தினசரி சீரியலுக்கு வேறு அளவுகோல். மெட்டி ஒலி 2002-இலிருந்து 2005 வரை வாரத்துக்கு ஐந்து நாள் வந்தது. ஐந்து மகள்கள், ஒரு அப்பா. ஐந்து பேருக்கும் கல்யாணம், ஐந்து மாமியார் வீடு. படத்துக்கு இரண்டரை மணி நேரக் கதையை முதலிலேயே எழுதி முடிக்கலாம். தினசரித் தொடரில் நாளைக்கு ஒளிபரப்பாவதை நேற்று எழுதியிருப்பார்கள். அதில் இறுக்கமான முடிச்சை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். தேட வேண்டியது வேறு. அந்த வீட்டில் சோறு யார் போடுகிறார்கள், யார் நின்றுகொண்டே தின்கிறார்கள், மருமகள் எதைப் பேசாமல் விழுங்குகிறாள் என்பது. மெட்டி ஒலி மெதுவாக நகர்ந்ததால்தான் இதற்கெல்லாம் இடம் கிடைத்தது. அதே மெதுவால்தான் அழுகைக் காட்சிகள் மூன்று நாளுக்கு நீண்டன. அதையும் சொல்ல வேண்டும். மைனி அதை ஒத்துக்கொள்ள எட்டு மாசம் ஆனது.

மைனியிடம் இன்னொரு சிக்கல் இருந்தது. விடாது கருப்பை அவர் பார்க்கவே மாட்டேன் என்றார். "அந்த மாணிக்கம் மூஞ்சியப் பாத்தாலே எனக்கு வயிறு எரியுது தம்பி." மெட்டி ஒலியில் அம்மா பேச்சைக் கேட்டு சரோவைப் படுத்திய மாணிக்கமாக நடித்தவர் சேத்தன். விடாது கருப்பிலும் அவர்தான். இருபது வருஷக் கோபம். இந்த மாதிரி ஆள் உங்கள் கூட்டத்தில் இருந்தால் திட்டாதீர்கள். அந்தக் கோபமே ஒரு சான்று என்று எழுதி வைத்துக்கொண்டு, அவரை முதலில் பேசவிடுங்கள். மைனி பத்து நிமிஷம் மாணிக்கத்தைத் திட்டி முடித்தபோது, அந்த நடிப்பைப் பற்றி அதைவிட நல்ல பாராட்டை நான் கேட்டதில்லை.

சாமி விஷயம்

கன்னியாகுமரி மாவட்டத்தில் மர்ம தேசத்தைப் பேசினால் இது வந்தே தீரும். "கருப்பு நம்ம பக்கத்து சாமியே இல்ல ஓய். நமக்கு மாடன்" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். உண்மைதான். இங்கே கொடை (கோயில் திருவிழா) என்றால் சுடலைமாடன், இசக்கியம்மன். வில்லுப்பாட்டு, கணியான் கூத்து, நள்ளிரவில் சாமியாட்டம். குதிரையில் வந்து தண்டிக்கும் கருப்பைக் கும்பிடுகிறவர்கள் மதுரை, சிவகங்கைப் பக்கம்தான் அதிகம். அதற்காக "தப்பாக் காட்டிட்டாங்க" என்று சொல்ல முடியாது. நம் ஊர்க் கதை என்று அவர்கள் சொல்லவே இல்லையே. நமக்குப் பழக்கமில்லாதது தொடரின் குறை ஆகாது. கேட்க வேண்டிய கேள்வி வேறு. காவல் தெய்வத்தின் மேல் ஊர் வைத்திருக்கும் பயத்தை அது சரியாகப் பிடித்ததா? கொடை அன்றைக்கு மாடன் கோயில் பக்கம் தனியாகப் போகத் தயங்கிய எவனுக்கும் பதில் தெரியும்.

இதன் மறுபக்கமும் உண்டு. 'கடமற்றத்து கத்தனார்' 2004 வாக்கில் ஏசியாநெட்டில் வந்தது. பிரகாஷ் பால்தான் கத்தனார், அதாவது மந்திரம் தெரிந்த பாதிரியார். சன் டிவிக்கு முன்னாலிருந்தே திருவனந்தபுரம் தூர்தர்ஷனைப் பார்த்து ஆன்டெனாவைத் திருப்பி வைத்துப் பழகிய ஊர் இது. மலையாளம் யாருக்கும் தடையில்லை. அதில் கள்ளியங்காட்டு நீலி வருவாள். நாகர்கோவில் பார்வதிபுரம் பக்கத்தில் கள்ளியங்காடு என்று ஊரே இருக்கிறது. நீலி அந்த ஊர்க்காரி என்றுதான் நாங்கள் கேட்டு வளர்ந்தோம். வில்லுப்பாட்டிலும் நீலி கதை உண்டு. இங்கே உங்கள் ஊர் அறிவைத் தாராளமாக இறக்கலாம். வில்லில் பாடும் நீலிக்கு ஒரு நியாயம் இருக்கிறது. வஞ்சிக்கப்பட்டவள், பழி வாங்க வருகிறாள். கத்தனார் கதையிலோ அவள் அடக்கப்பட வேண்டிய யட்சி. மந்திரவாதியை நாயகனாக்கினால் பேய்க்கு நியாயம் குறையத்தான் செய்யும். அந்தத் தொடரில் எனக்குள்ள பெரிய மனக்குறை இதுதான். "பிள்ளைங்க பாக்குற கதைல இம்புட்டு எதுக்கு மாமா?" என்று மருமகன் கேட்டான். பிள்ளைகள் பார்ப்பதால்தான்.

கிராஃபிக்ஸைப் பற்றி எதுவும் பேசாதீர்கள். சிரித்துவிட்டு நகருங்கள். என் மூன்றாவது ஆம்ப்ளிஃபையர் தாண்டி, பழைய சாலிடேர் டிவியில், பாதிப் புள்ளியோடு பார்த்தபோது அந்தப் பேய்கள் அருமையாகத்தான் இருந்தன.

ஆள் மாறினால்

'எதிர்நீச்சல்' சீரியலில் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பரில் இறந்துபோனார். பிறகு அந்த வேடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். அந்த மாசம் எங்கள் திண்ணையில் இதைத் தவிர வேறு பேச்சில்லை, ஒன்றும் உருப்படியாகவும் இல்லை. அதிலிருந்து நாங்கள் வைத்த ஏற்பாடு: ஒரு நடிகர் இறந்து இன்னொருவர் வந்தால், மூன்று மாசத்துக்கு இருவரையும் ஒப்பிட்டுப் பேசுவதில்லை. புது ஆளுக்கு எழுதிக் கொடுத்த வசனத்தைப் பேசலாம். பழைய ஆளின் "இந்தாம்மா ஏய்"யை அவர் வாயில் வைத்தார்களா, அவருக்கென்று ஒன்று உண்டாக்கினார்களா என்று பார்க்கலாம். துக்கத்தில் இருப்பவரிடம் தராசைக் கொடுக்கக் கூடாது.

முடிவைப் பற்றிப் பேசுவது

முடிவுக்கு முன் ஒரு எச்சரிக்கை கொடுங்கள். எழுந்து போகிறவர்கள் போகட்டும், சாயா ஆறிப்போனாலும் பரவாயில்லை. அடுத்த பத்தியில் 'லாஸ்ட்' தொடரின் முடிவு வருகிறது. பார்க்காதவர்கள் தாண்டிவிடுங்கள்.

அது அமெரிக்காவில் 2004 முதல் 2010 வரை ஆறு சீசன் ஓடியது. விமானம் விழுந்து ஒரு தீவில் மாட்டிக்கொண்டவர்களின் கதை. "கடைசில எல்லாரும் விமானம் விழுந்தப்பவே செத்துட்டாங்கன்னு சொல்லி ஏமாத்திட்டான்" என்று இன்றுவரை சொல்கிறவர்கள் உண்டு. மருமகனும் முதலில் அப்படித்தான் சொன்னான். ஆனால் கடைசி எபிசோடில், தீவில் நடந்ததெல்லாம் நிஜமாகவே நடந்தது என்று ஒரு பாத்திரம் வாய்விட்டே சொல்கிறது. பிறகு எங்கே குழப்பம்? பெயர்கள் ஓடும்போது, ஆளில்லாத கடற்கரையில் விமானத்தின் உடைந்த பாகங்களைக் காட்டினார்கள். அது கதை எழுதியவர்கள் வைத்ததில்லை, சேனல் சேர்த்தது. நல்ல எண்ணத்தில்தான். பார்த்தவர்கள் அதையும் கதையாக எடுத்துக்கொண்டார்கள். முப்பது வருஷம் சிக்னலோடு வாழ்ந்த எனக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. எழுதியவன் ஒன்றை அனுப்புகிறான், நடுவில் இருப்பவன் கொஞ்சம் சேர்க்கிறான், வீட்டுக்கு வேறொன்று போய்ச் சேருகிறது.

'ஃபயர்ஃப்ளை' என்ற அமெரிக்கத் தொடரின் கதி இன்னும் மோசம். 2002-இல் வந்தது. எடுத்தது 14 எபிசோடு, அப்போது ஒளிபரப்பானது 11. அதுவும் வரிசை மாற்றி. எல்லாரையும் அறிமுகப்படுத்தும் முதல் எபிசோடைக் கடைசியில் போட்டார்கள். பார்த்தவனுக்குத் தலை எது வால் எது என்று தெரியவில்லை, தொடர் நின்றது. பிறகு டிவிடியில் ஒழுங்கு வரிசையில் பார்த்தவர்கள் கூடிக் கூடி, 2005-இல் அது சினிமாவாகவே வந்தது. ஆகவே "பாத்திரம் யாருன்னே புரியல" என்று ஒருவர் சொன்னால், நீங்கள் எந்த வரிசையில் பார்த்தீர்கள் என்று முதலில் கேளுங்கள்.

பேச்சு முறை

அதிகம் இல்லை. குறை சொல்ல வந்தவர் முதலில் பேசட்டும். ரசிகருக்கு எப்படியும் கடைசி வார்த்தை வேண்டும், அதை அவருக்கு வைத்துவிடுங்கள். "உனக்குப் புரியல", "இப்ப வர்றதெல்லாம் குப்பை" என்ற இரண்டும் எங்கள் திண்ணையில் தடை. சொன்னவர் எல்லாருக்கும் சாயா வாங்க வேண்டும். எதிராளி சொன்னது சரியென்று பட்டால் "அது கொள்ளாம்" என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். மல்லுக்கு நின்று ஒத்துக்கொள்ள வைத்தால் அடுத்த வாரம் அவர் வரமாட்டார்.

இனி அண்ணாச்சி சொல்லும் அந்தக் குதிரை சீனுக்கு வருகிறேன்.

பால் வெட்டுக்காரர் விடியுமுன் எழுந்து நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போக வேண்டும். ராத்திரி சீரியலில் பாதிக்கு மேல் கண் நிற்காது. வேலை முடித்து ஒன்பது மணிக்கு வந்து "நேத்து என்னாச்சு?" என்று என்னிடம் கேட்பார், நான் சொல்வேன். ஒரு வாரம் இடி விழுந்து ஆம்ப்ளிஃபையர் போய், நானும் கம்பத்தின் மேல்தான் இருந்தேன். பார்க்கவில்லை. காலையில் அண்ணாச்சி வந்து நின்றார். பார்க்கவில்லை என்று சொல்லக் கூச்சமாக இருந்தது, கேபிள்காரன் ஆயிற்றே. "குதிரை மட்டும் தனியா வருது அண்ணாச்சி. மேல ஆளே இல்ல. வாசல்ல வந்து நிக்கி. கெழவி வெளக்கத் தூக்கிப் பாக்கா, குதிர கண்ணுல தண்ணி" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

அந்தத் தொடரிலேயே தலைசிறந்த சீன் அதுதான் என்று அவர் இருபத்தைந்து வருஷத்துக்கும் மேலாகச் சொல்லி வருகிறார். போன ஆடியில் மருமகனின் போனில் தொடரை முதலிலிருந்து கடைசி வரை உட்கார்ந்து பார்த்து முடித்தார். நான் கடைக்குள் ஹெட்செட்டுகளை அடுக்குகிற மாதிரி நின்றுகொண்டிருந்தேன். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அண்ணாச்சி சொன்னார்:

"அந்த ஒரு எபிசோட மட்டும் ஏத்தாம விட்டுட்டானுவ பாத்தியாடே."